போ ராசா!

பார்தன்னா, சிசிலி, இத்தாலி.
12.11.2023, தீபாவளி இரவு.

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் எழுதிக்கொள்வது,

நான் இங்கே சுகம். நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் லயத்துச் சனங்களும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டுகிறேன். காலையில்தான் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினோம். அது கணக்கில் சேராது, கடுதாசி எங்கே என்று கேட்டீர்கள். வாழ்நாள் பூராவும் லுணுகலைத் தபால் கந்தோருக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் நடுவே தப்பால் பை தூக்கினவர் நீங்கள். முத்திரை ஒட்டாத சுகத்தை நம்ப மாட்டீர்கள். சரி, எழுதுகிறேன். படித்து முடித்ததும் ட்ரங்குப் பெட்டியில் போடுங்கள். அத்தை கையில் சிக்கினால் அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும்.

முதலில் தீபாவளிச் செய்தி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நல்லெண்ணெய் வேண்டுமென்றால் பலெர்மோ தமிழ்க்கடைக்குப் போகவேண்டும், போகவர ஒரு நாள் பேர் போய்விடும். குசினியில் ஐந்து லீட்டர் டின்னில் ஒலிவ் எண்ணெய் இருந்தது. அதையே உச்சந்தலையில் வைத்து அரக்கித் தேய்த்தேன். நான் பார்த்துக்கொள்கிற கிழவர் (எல்லாரும் நோன்னோ என்கிறார்கள், தாத்தா என்று அர்த்தம்) வாசம் பிடித்துக்கொண்டு கைத்தடியோடு வந்துவிட்டார். என் மண்டையையே பார்த்தார். அவர் கையில் ஒரு ரொட்டித் துண்டு. தொட்டுக்கொள்ளப் போகிறாரோ என்று பயந்தே போனேன்.

போன வருஷம் கொடுத்தனுப்பின ஒலிவ் எண்ணெய்ப் போத்தலை அத்தை கோயில் விளக்குக்கு ஊற்றின கதையையும் அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பின்னே? அந்தக் காலத்தில் எங்கள் கோயிலிலும் அதுதானே எரிந்தது" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தார். அத்தைக்கு ஜெயம் என்று சொல்லுங்கள்.

இனி சைக்கிள் விஷயம். நிமிர்ந்து உட்காருவீர்கள், தெரியும்.

எனக்கு வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும் லீவு. ஆறு மாதத்துக்கு முன் நோன்னோ தன் கராஜைத் திறந்து, சாக்கு மூடிக் கிடந்த ஒரு சைக்கிளைக் காட்டினார். வானமும் பச்சையும் கலந்த ஒரு நிறம், பியாங்கி சைக்கிள் கம்பெனிக்காரர்களுக்கே சொந்தமான நிறமாம். தூக்கிப் பார்த்தேன், ஒரு கொழுந்துக்கூடை கனம்கூட இல்லை. மட்கார்ட் இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, மணி இல்லை. "பாதி சாமானைக் காணோமே, யார் கழற்றியது?" என்று கேட்டேன். கிழவர் கோபித்துக்கொண்டு அன்றைக்குச் சூப் குடிக்கவில்லை.

மாமா, நம்ம ஊரில் சைக்கிள் என்றால் என்ன? பாதி வழி நாம் அதைச் சுமப்பது, பாதி வழி அது நம்மைச் சுமப்பது. டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற முடக்குகளில் நீங்கள் பையைக் கேரியரில் கட்டி, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போவீர்கள். சைக்கிளில் போகிறார் என்று ஊர் சொல்லும். சைக்கிளோடு போகிறார் என்பதுதான் சரி. இங்கே தலைகீழ். ஏற்றத்துக்காகவே வருகிறார்கள். பவுசான டாக்டர்கள், வக்கீல்கள், வயிற்றோடு ஒட்டின உடுப்பு மாட்டி, நாலாயிரம் ஐயாயிரம் யூரோ சைக்கிளில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மலையைத் தேடிக்கொண்டு போகிறார்கள். மேலே போனதும் ஒரு காப்பி. பிறகு இறங்கி வீட்டுக்கு. ஒரு கடுதாசிகூடக் கொண்டுபோவதில்லை. எதற்கு ஏறினார்கள் என்று கேட்டால், ஏறுவதற்காக என்கிறார்கள்.

நானும் ஏறக் கற்றுக்கொண்டேன். கியர் பிடிதான் பெரிய பாடு. அது ஹேண்டிலில் இல்லை, கீழே சாய்ந்து போகிற குழாயில் சின்ன நெம்புகோலாக இருக்கிறது. இத்தனாவது கியர் என்று எந்த அடையாளமும் கிடையாது. உங்கள் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பீர்களே, அதே வித்தை. லேசாகத் தள்ளினால் செயின் கரகரக்கும், இன்னும் ஒரு நூல் தள்ளினால் சத்தம் நின்று சுத்தமாக ஓடும். காதால் ஓட்டுகிற சைக்கிள் மாமா.

பெடலில் காலைக் கட்டிப்போட வார் ஒன்று உண்டு. அதை அவிழ்த்துவிட்டுத்தான் நிற்கவேண்டும் என்பது எனக்கு நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. சந்திக் காப்பிக்கடை முன்னால், சீட்டு விளையாடுகிற ஏழெட்டுக் கிழவர்கள் பார்த்திருக்க, வெட்டின சவுக்கு மரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தேன். ஓடி வந்து தூக்கினார்கள். முதலில் சைக்கிளைத் தூக்கினார்கள். அதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு என்னிடம் வந்தார்கள்.

அன்றிலிருந்து நான் எந்த மேட்டில் போனாலும் ரோட்டோரக் கிழவர்கள் கையை ஆட்டி "போ ராசா! போ ராசா!" என்று கத்துகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிசிலிக்காரனுக்கு இவ்வளவு தமிழ் எப்படி என்று. ஒரு வாரம் கழித்துத்தான் விளங்கியது, அவர்கள் சொல்வது "ஃபோர்ட்ஸா", பலம் என்று அர்த்தமாம், தம் கட்டு என்கிற மாதிரி. விளங்கியும் என்ன, என் காதில் இன்னும் போ ராசாதான். திருத்திக்கொள்ள மனமில்லை.

ரோட்டைச் சொல்லவேண்டும். பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று போகிற நம்ம ஏ5 ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பஸ்ஸை எடுத்துவிடுங்கள், லொறியை எடுத்துவிடுங்கள், ஹாரனை எடுத்துவிடுங்கள். தேயிலை இருக்கிற இடத்தில் ஒலிவ் மரத்தை வையுங்கள். அட்டை கிடையாது. மலை நம்ம நமுனுகுலை மாதிரி முகில் முட்டுகிற மலை இல்லை, கடல் அலை மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிற குன்றுகள். ஒரு மணி நேரம் மிதித்தால் மூன்று கார் வரும். மற்றபடி செயின் சத்தமும் என் மூச்சும்தான். ஆட்டுமந்தை நாய்கள் மட்டும் மோசம். ஒன்று குரைத்தால் அடுத்த வளவு நாய்க்குத் தந்தி போய்விடுகிறது, அது எனக்காகக் காத்திருக்கிறது. நேரான இறக்கத்தில் அவற்றை ஜெயிப்பேன். முடக்கு வந்தால் பிரேக்கில்தான் கை போகும். பசறை 13ஆம் கட்டையில் 2021 மார்ச்சில் லுணுகலை பஸ் பள்ளத்தில் போனதே, அந்த வாரம் நம்ம ஊர் கேட்ட ஒப்பாரியைப் போனில் கேட்டவன் நான். வெறும் ரோட்டில்கூட முடக்கில் வேகம் வருவதில்லை.

போன மாதம் பலெர்மோவிலிருந்து யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் வந்தார். அங்கே தமிழ்ச் சனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, பெரும்பாலும் அவர்கள் பக்கத்தார். நல்ல மனுஷர். ஆனால் சைக்கிள் என்று வந்தால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. "தம்பி, சண்டைக் காலத்திலை பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளிலைதான் ஓடினது. நான் பருத்தித்துறையிலையிருந்து யாழ்ப்பாணத்துக்கு முன்னுக்கு ஒராள் பின்னுக்கு ஒராள் வைச்சு உழக்கினனான். உங்கடை மலைநாட்டிலை ஆர் சைக்கிள் ஓடுறது?" என்றார். நான் பேசவில்லை. ஒரு சைக்கிள் இரவல் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் மேட்டில் கதைத்துக்கொண்டே வந்தார். இரண்டாவது மேட்டில் கதை நின்றது. மூன்றாவது மேட்டில் ஒரு ஒலிவ் மரத்தடியில் இறங்கி, மரத்தின் வயசை ஆராய்கிற மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் பக்கத்தில் மலை என்றால் கீரிமலை. பெயரில்தான் மலை, இறங்கினால் கடல்.

ஆனால் அவரே வருஷா வருஷம் பலெர்மோவில் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு பெலெக்ரீனோ மலை ஏறுகிறவர். அந்த அம்மா நம்ம மாரியம்மா மாதிரி, 1624இல் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது விரட்டினவள் என்று கும்பிடுகிறார்கள். நம்ம சைவக்காரர்களும் வரிசையில் ஏறுகிறார்கள். "அது அம்மாளுக்காக நடந்து ஏறுறது தம்பி, இது என்னத்துக்கு?" என்று மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே கேட்டார். பதில் எனக்கும் தெரியவில்லை.

இங்கே எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், "சிங்கலேசே". சிங்களவர் என்று அர்த்தம். அண்ணனுக்கு அதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது, நின்று வகுப்பெடுக்கிறார். எனக்குச் சூடே வரவில்லை. பதுளையில் நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவில் கோத்தகிரிக்குப் போன நம்ம பெரியத்தை வீட்டாரை அங்கே சிலோன்காரன் என்றார்கள். மூன்றாவதாக ஒரு பெயர், அதுவும் சேர்ந்து கிடக்கட்டும்.

ஒலிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேதக்கோயில் பக்கம் போகாத நமக்கு ஒலிவ மலை என்பது காதில் விழுந்த சொல் மட்டும். வந்த புதிதில் வெரளிக்காய் மாதிரி பச்சையாகத் தொங்குகிறதே என்று ஒன்றைப் பறித்துக் கடித்தேன். மாமா, கசப்பு என்றால் பாவற்காய்க்கே அது பாட்டன். இரண்டு நாள் தேத்தண்ணி ருசி தெரியவில்லை. உப்புத் தண்ணீரிலோ காரத்திலோ ஊறவைத்துக் கசப்பை எடுத்தால்தான் வாயில் வைக்கலாமாம். இந்தப் பக்கத்துக் காய்க்கு நோச்செல்லாரா தெல் பேலிச்சே என்று பெயர், நல்ல பருமன், பச்சை. சாப்பிடுகிற காயைக் கையால்தான் பறிக்கவேண்டும், அடிபட்டால் கறுத்துவிடும். ஒக்டோபரில் ஆட்கள் கழுத்தில் கூடையை மாட்டி முன்பக்கம் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் உருவுகிறார்கள். நம்ம பெண்டுகள் முதுகில் போட்டு நெற்றியில் கயிறு மாட்டுவதை நான் நடித்துக் காட்டினேன். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

எண்ணெய்க் காய்க்கு மரத்தடியில் வலை விரித்துச் சீப்பு மாதிரி ஒன்றால் கிளையை வாரிவிடுகிறார்கள். பறித்தது சூடேறுவதற்குள் ஆலைக்குப் போகவேண்டும், நம்ம கொழுந்து மாதிரியே. கவ்வாத்தும் உண்டு. ஆலையில் நிறுவை நடக்கும்போது என் கண் தானாகத் தராசு முள்ளுக்குப் போய்விட்டது. தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்த ஒருவரிடம் அம்மா வருஷக்கணக்கில் கொழுந்து நிறுத்தவள் அல்லவா. யார், எந்தத் தோட்டம் என்று எழுத மாட்டேன், கடுதாசி கைமாறிப் படிக்கப்படும். இங்கே நூறு கிலோ காயில் பதினைந்து கிலோ எண்ணெய் வந்தால் சந்தோஷப்படுகிறார்கள். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று நான் சொன்னதும் ஆலைக்காரன் என்னைத் தோட்டத் துரை என்று நினைத்துவிட்டான்.

துரை இல்லை என்பது எனக்குத் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஞாயிற்றுக்காரர்கள் எழும்புவதற்கு முன்னால், இதே ரோட்டில் வேறு சைக்கிள்கள் போகின்றன. லைட் இல்லாத, துருப்பிடித்த, பெடல் ஒன்று பாதியான சைக்கிள்கள். செனகல், காம்பியாப் பையன்கள், ஒலிவ் பறிக்கப் போகிறவர்கள். காஸ்தெல்வெத்ரானோ, காம்பொபெல்லோ பக்கம் படங்கும் பலகையும் வைத்துக் கட்டின குடிசைகளில் அறுவடை முடியுமட்டும் கிடக்கிறார்கள். பல பேருக்குப் பெட்டிக் கணக்கில் கூலி. கொந்தரப்பு. ஒருநாள் முன்னால் போனவனுக்கு டயரில் காற்றுப் போய்விட்டது. என்னிடமிருந்த ஒட்டுப்போடுகிற சாமானைக் கொடுத்து, நீங்கள் காட்டித்தந்த மாதிரி ட்யூபில் எச்சில் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்தேன். அவன் சிரித்துவிட்டான். அவன் ஊரிலும் அப்படித்தானாம். எவ்வளவு கூலி என்று கேட்டான், உங்கள் ஊரில் தேயிலைக்கு. ஆயிரம் ரூபாய் என்றேன். அதை யூரோவாக்கிச் சொன்னதும், "பெட்டிக்கா?" என்றான். "நாளுக்கு" என்றேன். பம்ப் பிடித்திருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

இந்த ரோட்டெல்லாம் ஏன் இவ்வளவு அமைதி என்று நான் கேட்டதே இல்லை. வெளிநாடு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் நோன்னோதான் சொன்னார். அவர் பிறந்தது பார்தன்னாவில் இல்லை, பழைய ஜிபெல்லீனாவில். 1968 ஜனவரி 14 இரவும் விடியலுமாக இந்தப் பேலிச்சேப் பள்ளத்தாக்கைப் பூமி உலுக்கிப்போட்டது. ஜிபெல்லீனா, சலாபாருத்தா, பொஜ்ஜோரெயாலே, மூன்றும் தரைமட்டம். நூற்றுக்கணக்கில் சாவு. மிஞ்சினவர்களைத் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள், வைத்தவர்கள் மறந்துவிட்டார்கள். சில பேர் முப்பது வருஷத்துக்கு மேல் அதிலேயே. "காம்பரா எத்தனை அடி?" என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். நம்ம லயக் காம்பரா அளவுதான். போகிறவர்களுக்கு அரசாங்கம் உடனே பாஸ்போர்ட்டும் ஒருவழி டிக்கெட்டும் கொடுத்ததாம். பெரியத்தை பதுளை ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னார் போய் ராமானுஜம் கப்பலில் போனதை நான் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் மாத்திரை கேட்டார்.

பழைய ஊர் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்து வா என்றார். போனேன். நாலு மேடு, அதில் ஒன்று நம்ம ஊர் ஹொப்டன் ஏற்றத்துக்குச் சித்தப்பன். கடைசி முடக்கு திரும்பினதும் மலைச் சரிவில் வெள்ளை வேட்டி ஒன்றைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. கிட்டப் போனால் சீமெந்து. அல்பெர்த்தோ புர்ரி என்று ஓர் ஓவியர், இடிந்த ஊரை அப்படியே சீமெந்தால் மூடிவிட்டார். 1980களில் தொடங்கி 2015இல்தான் வேலை முடிந்தது, அவர் செத்து இருபது வருஷம் கழித்து. என் மூக்கு உயரத்துக்குக் கட்டி கட்டியாகச் சீமெந்து, நடுவில் பழைய தெரு மாதிரி நடைபாதை.

நோன்னோவுக்குப் போன் போட்டேன். சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். "நேரே போ. இடது பக்கம் திரும்பு. இப்போது தண்ணீர்ப் பீலி வரும்" என்றார். பீலி இல்லை, சீமெந்து. "வந்ததா?" "வந்தது நோன்னோ." "அதைத் தாண்டி வலது கைப்பக்கம் ரொட்டிக் கடை. அதற்கு மேல் மூன்று படி. மூன்றாவது வீடு." நான் எண்ணினேன். படி எங்கே இருக்கிறது. ஒரு சந்தில் முட்டி, திரும்பி, எங்கே நுழைந்தேன் என்பதே மறந்து, வெள்ளைச் சுவர்களுக்குள் சைக்கிளோடு சுற்றிக்கொண்டிருந்தேன். "வீட்டைப் பார்த்தாயா?" என்றார். "பார்த்தேன்" என்றேன். "கதவு?" "சாத்தியிருக்கிறது." "நல்லது, நான்தான் சாத்தினேன்" என்றார்.

பொய் சொன்னதற்குத் திட்டாதீர்கள். விலாசத்தில் ஆள் இல்லாவிட்டாலும் கடுதாசியைத் திருப்பாமல் நாலு லயம் தேடிப் போனவர்தானே நீங்கள்.

இந்த மனுஷருக்கு உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தப்பால்காரர் என்றதும் உடனே ஜீனோ பார்த்தாலி கதையை எடுத்துவிட்டார். பெரிய சைக்கிள் வீரர், 1938இலும் 1948இலும் பிரான்ஸ் சுற்றுப் போட்டியை ஜெயித்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில், பயிற்சி ஓட்டம் என்று சொல்லிக்கொண்டு, யூத சனங்களுக்கான கள்ள அடையாளப் பத்திரங்களைச் சைக்கிள் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுபோனாராம். உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி அதிகம் வாயே திறக்கவில்லை. 2013இல்தான் இஸ்ரேலில் யாத் வஷேம் அவருக்கு மரியாதை செய்தது. "ஆக அவரும் தப்பால்காரர்" என்றேன். "உன் மாமா ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவாரா?" என்று கேட்டார் நோன்னோ. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை. பக்கத்தில் சம்புக்கா என்று ஓர் ஊர். ஆளெல்லாம் போய் வீடு காலியாகிவிட்டதால் 2019இல் ஒரு யூரோவுக்கு வீடு ஏலம் விட்டார்கள். அமெரிக்காக்காரர்கள் எல்லாம் வந்து வாங்கினார்கள். திருத்தத்தான் பெருங்காசு. நம்ம சனம் சிலோனுக்கு வந்து இருநூறு வருஷம் என்று இந்த ஜூலை ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணி இன்னும் நம்ம லயத்துக்கு வரவில்லைதானே? இங்கே வீடு இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே ஆள் இருக்கிறது. நடுவில் கப்பல் ஒன்று விட்டால் தீர்ந்தது என்று நோன்னோவிடம் சொன்னேன். "எல்லாரும் சைக்கிள் ஓட்டுவார்களா?" என்று கேட்கிறார்.

தீபாவளி அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை மாதத்தில் பிடிக்கிறார்கள் என்று எழுதுங்கள். தம்பி படிப்புக்குக் காசு பதினைந்தாம் தேதி அனுப்புகிறேன். ஒரு போத்தல் எண்ணெய் மறுபடி வருகிறது. பாதி விளக்குக்கு, பாதி உங்கள் முழங்காலுக்கு. கறிக்கு வேண்டாம், அத்தை ருசி பார்த்துவிட்டு என்னை ஏசுவாள்.

கடைசியாக ஒன்று. வாசல் இறப்பில் தொங்குகிற உங்கள் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட அத்தை திட்டம் போடுகிறாள் என்று தங்கச்சி சொன்னாள். போடுவதானால் மணியை மட்டும் கழற்றி எடுத்துவையுங்கள். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பலெர்மோப் பையன் ஒருவன் பதுளை வரை வருவான், அவனிடம் கொடுத்துவிடலாம். முடக்குகளில் ஆட்டுமந்தை குறுக்கே நிற்கிறது, நான் வாயால் கத்தினால் நாய்க்குத்தான் கேட்கிறது. மூடி துருப்பிடித்து இறுகியிருக்கும். ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் இடப்பக்கமாகத் திருகுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்